அப்பாவின் ஈரலும் சின்ன மஞ்சள் குளிசையும்

தம்பி, நம் வீட்டுக் குளியலறைக் கதவு எவ்வளவு மெல்லியது என்பதை இந்த வயதுவரை உனக்கு யாரும் சொல்லவில்லைப் போலிருக்கிறது. நாலு நாளாக நீ உள்ளே தண்ணீரைத் திறந்துவிட்டு, கலியாண ரிசெப்ஷனில் பேசப்போகும் பேச்சைப் பழகுகிறாய். குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும் எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்கிறது. "எங்கட காதல் ஒரு தொலைஞ்ச ரிப்போர்ட்டிலதான் தொடங்கினது" என்று எடுத்து, சனம் சிரிக்க இடம் விட்டு, பிறகு "அண்டைக்கு எங்கட அப்பாவின்ர ரிப்போர்ட்டைத் தொலைச்ச டொக்டர்தான் இண்டைக்கு என்ர மனுசி" என்று முடிக்கிறாய். நேற்று 'மனுசி'யை மாற்றி 'வைஃப்' என்று சொல்லிப் பார்த்தாய். மனுசிதான் நல்லது, அதையே வைத்துக்கொள். உன் அப்பா ஹோலில் பேப்பருக்குப் பின்னால் இருந்து தோள் குலுங்கச் சிரித்தார். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

ஏனென்றால் அந்த ரிப்போர்ட் தொலையவில்லை, தம்பி. ஒரு நாளும் தொலையவில்லை. இரண்டு வருடமாக நீ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற அந்தக் கதை பொய். அந்தப் பொய்யைச் சொன்னது நான். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மூன்று முறை வெளிக்கிட்டேன். முதல் முறை உனக்குப் போன் வந்தது, இரண்டாம் முறை தையல்காரர் வந்தார், மூன்றாம் முறை ஒருவரும் வரவில்லை, எனக்குத்தான் வாய் வரவில்லை. இன்று நீ கூட்டாளிமாரோடு ஹிக்கடுவைக் கடற்கரைக்குப் போய்விட்டாய். அப்பா மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருக்கிறார். வருகிற ஞாயிறு உன் கலியாணம். ஆகவே எழுதுகிறேன். முதலில் உனக்கு அனுப்புவேன். நாளைக்குப் பின்னேரம் இதையே நம் குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் போடுவேன். பொய்யை அங்கேதான் போட்டேன், திருத்தத்தையும் அங்கேதான் போட வேண்டும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற உன் சொந்தங்கள் எல்லாம் வாசிக்கட்டும்.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். அப்பா ஜோர்தானில் ஆட்டுப் பண்ணை ஒன்றில் தண்ணீர் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நீ மொண்டிசூரி போய்க்கொண்டிருந்தாய். அங்கே கறுப்பன் என்று ஒரு நாய் அவரோடு ஒட்டிக்கொண்டது. ஒரே தட்டில் சாப்பாடு, ஒரே பாயில் படுக்கை. ஷோகேஸில் இருக்கிற படத்தில் அப்பா கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாரே, அவன்தான். என்னோடு கலியாணப் படத்தில்கூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. பண்ணையில் ஆடு வெட்டினால் குடலையும் ஈரலையும் நாய்க்கு எறிவார்கள். அதிலிருந்து நாயின் வயிற்றில் ஒரு சின்னப் புழு வளரும், அதன் முட்டை நாயின் மயிரில் ஒட்டியிருக்கும், தடவிய கையோடு மனிதன் சாப்பிட்டால் உள்ளே போய் ஈரலில் குடியேறும். அவசரப்படாது. வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தண்ணீர் நிரம்பிய கட்டியாக வளரும். இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்செரிவு என்று ஸ்கேன் எடுக்கப்போனபோது அப்பாவின் ஈரலில் ஒரு பெரிய தோடம்பழம் அளவுக்குக் கட்டி இருந்தது. உன் அப்பா என்ன சொன்னார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "வெள்ளவத்தையில லொட்ஜ் கிடைக்கேல்லை எண்டு எனக்குள்ள வந்து தங்கியிருக்கிறார் போல" என்றார். கறுப்பன் தந்த வருத்தம் என்று டொக்டர் விளங்கப்படுத்தியதும், "அவனும் பாவம், அவனுக்குத் தெரியுமே?" என்று நாய்க்காக வாதாடினார். இப்படியான மனிதரோடு நான் முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

சத்திரசிகிச்சை நிபுணர் நம் மூன்று பேரையும் இருத்தி, ஸ்கேன் உறையின் பின்புறத்தில் படம் கீறிக் காட்டினார். உனக்கு அன்றைக்குப் பாதி விளங்கவில்லை, பயத்தில் காது அடைத்திருந்தது. ஆகவே இப்போது நான் சொல்கிறேன். கட்டி இருந்த இடம்தான் பிரச்சினை. அது ஒரு பெரிய இரத்தக் குழாயோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஈரல் என்பது இரத்தத்தால் ஊறிப்போன உறுப்பு, எங்கே வெட்டினாலும் கசியும். கட்டியை உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்து அந்தத் தண்ணீர் வயிற்றுக்குள் சிந்தினால் சிந்திய இடமெல்லாம் புதுக் கட்டி முளைக்கலாம், உடம்பு ஒவ்வாமையில் அங்கேயே சரிந்தும் போகலாம். உடையாமல் எடுக்க வெட்டும் இடம் துப்புரவாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரத்தம் நிரம்பினால் என்ன தெரியும்? அதனால் ஈரலுக்கு இரத்தம் போகும் குழாய்கள் எல்லாம் சேர்ந்து நுழைகிற காம்பு ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு நாடாவைப் போட்டு இறுக்கிவிடுவார்கள். பதினைந்து நிமிடம். அதற்குள் எவ்வளவு வெட்டலாமோ வெட்டுவார்கள். பிறகு நாடாவைத் தளர்த்தி ஐந்து நிமிடம் ஈரலை மூச்சு விட வைப்பார்கள். திரும்பவும் இறுக்குவார்கள். அவர் இதைச் சொல்லி முடித்ததும் நீ "எவ்வளவு இரத்தம் போகும் டொக்டர்?" என்று கேட்டாய். அப்பா "எத்தினையாம் நாள் சோறு சாப்பிடலாம்?" என்று கேட்டார்.

எனக்கு அந்தப் பதினைந்து நிமிடம் புதிதல்ல. நான் ஒப்பரேஷன் தியேட்டரில் தாதியாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படியான சத்திரசிகிச்சைகளில் மணிக்கூடு பார்க்கும் வேலை எனக்குத்தான் வரும். நாடாவை இறுக்கியதும் நேரத்தைப் பலகையில் எழுத வேண்டும், ஐந்து, பத்து, பதினாலு என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை, கோபத்துக்குப் பெயர்போன ஒரு பெரிய டொக்டர். "பிஃப்டீன், சேர்" என்றேன். "இன்னும் ஒரு நிமிஷம்" என்றார். எனக்கு இருபத்துநாலு வயது. ஆனாலும் முன்னையிலும் பார்க்கச் சத்தமாக "பிஃப்டீன், சேர்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே நாடாவைத் தளர்த்தினார். பிறகு தேநீர் அறையில், தட்டில் கிடந்த, மீன் வைத்த கடைசி மாலு பாணை என் பக்கம் தள்ளிவிட்டார். இந்தக் கதையை நீ எத்தனை முறை கேட்டிருக்கிறாய் என்று எனக்கே கணக்கில்லை. உன் பாடசாலைக் கட்டுரையில்கூட எழுதினாய். எனக்கு அது நல்ல பெருமை. நான் பிழை விடாதவள் என்று நீ நம்பியதும், நம் ஒழுங்கையில் உள்ள ஆட்கள் மருந்துக் குளிசை அட்டையோடு படியேறி வந்து "சிஸ்டர் அன்ரி, இதை எடுக்கலாமோ?" என்று கேட்டதும் எனக்குள் நன்றாக ஊறிப்போயிருந்தது. இனி நடந்ததை அதோடு சேர்த்து வாசி.

சத்திரசிகிச்சைக்கு நாலு மாதத்துக்கு முன் உன் கனடா மாமி வந்து நின்றா அல்லவா. அவவின் சூட்கேஸ் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நோவெண்ணெய், சொக்லேட், உனக்குப் பொருந்தாத இரண்டு சேட், அப்பாவுக்கு விற்றமின். பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று பெட்டி, போத்தல் எல்லாவற்றையும் அங்கேயே எறிந்துவிட்டு, குளிசைகளைச் சின்னச் சின்னப் பைகளில் போட்டுப் பேனையால் பெயர் எழுதிக் கொண்டுவந்தா. இது மீனெண்ணெய், இது கல்சியம், இந்தச் சின்ன மஞ்சள் குளிசை இதயத்துக்கு நல்லம், அங்கே எல்லாரும் எடுக்கினம் என்று மாமி ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் தந்தா. அவவில் ஒரு பிழையும் இல்லை, குழுவில் ஒருத்தரும் அவவைத் துளைக்க வேண்டாம். நான்தான் 'சரி, சரி' என்று கேட்டுவிட்டு, அவ விமானம் ஏறிய கையோடு எல்லாப் பைகளையும் ஒரு ஜாம் போத்தலுக்குள் கொட்டினேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நிறத்துக்கு ஒன்றாக அப்பாவின் உள்ளங்கையில் வைப்பேன், அவரும் பிரசாதம் வாங்குவதுபோல வாங்கி விழுங்குவார். நம் ஊர்க் கடையில் வாங்கிய குளிசையாக இருந்தால் அட்டையைத் திருப்பித் திருப்பி வாசித்திருப்பேன். கனடாவிலிருந்து வந்ததால் வாசிக்கவில்லை. வெளிநாட்டுச் சாமான் என்றால் அது மருந்து இல்லை, அன்பளிப்பு என்று ஒரு எண்ணம் நம் ஆட்களுக்கு இருக்கிறது. முப்பது வருடம் தியேட்டரில் நின்ற எனக்கும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சேரும்போது ஒரு படிவம் தந்தார்கள். எடுக்கும் மருந்துகள் என்ற இடத்தில் நான் என் கையாலேயே 'இல்லை' என்று எழுதினேன். தாதிப் பிள்ளை "ஏதாவது குளிசை?" என்று கேட்டபோது, "நானும் தியேட்டர் சிஸ்டர்தான்" என்று சிரித்தேன். அவளும் சிரித்து, மேலே கேட்காமல் விட்டுவிட்டாள். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் ஒவ்வொரு காலையும் தியேட்டர் வாசலில் சிங்களத்திலும் தமிழிலும் கேட்ட கேள்வி அது. ஒருத்தர் இல்லை என்றால் இரண்டாம் முறை வேறு மாதிரிக் கேட்பேன். வீட்டுக்காரரிடம் மட்டும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

சத்திரசிகிச்சை நாள் காலை நீ சாப்பிடக் கன்ரீனுக்குப் போயிருந்தாய். அப்போதுதான் அபிராமி வந்தாள். அவள் மயக்க மருந்துப் பிரிவில் பயிற்சியில் இருந்த டொக்டர் என்பது உனக்குத் தெரியும். முதல் நாள் இரத்தம் எடுத்த இடத்தில் அப்பாவின் கை முழங்கைவரை நீலம் பாரித்திருந்ததைக் கண்டு நின்றுவிட்டாள். "அங்கிள், இரத்தத்தைத் தண்ணியாக்கிற குளிசை ஏதும் எடுக்கிறனீங்களோ?" என்று கேட்டாள். நான் முந்திக்கொண்டு, "இல்லைப் பிள்ளை, படிவத்தில எழுதியிருக்கிறன்" என்றேன். அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, திரும்ப அப்பாவிடமே போனாள். "சரி, குளிசை இல்லை. விற்றமின், சத்து மருந்து, ஆரும் தந்தது, அப்பிடி ஏதும்?" அப்பாவின் முகம் மலர்ந்தது. "அது இருக்கு" என்று தன் பையைத் திறந்து ஜாம் போத்தலையே எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரியிலும் விடாமல் எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்! அவள் அந்தச் சின்ன மஞ்சள் குளிசையை உள்ளங்கையில் உருட்டி, அதில் பதித்திருந்த இலக்கத்தைப் பார்த்தாள். எண்பத்தொன்று. இங்கே அஸ்பிரின் எழுபத்தைந்து மில்லிகிராம், கனடாவில் எண்பத்தொன்று. அவள் வாய் திறக்க முன்பே எனக்கு விளங்கிவிட்டது. இதயத்துக்கு நல்லதுதான், இரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும். ஈரலில் சத்திரசிகிச்சை நடக்கப்போகிற ஒருவரின் வயிற்றில் நாலு மாதமாக அதைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அவள் உடனே பெரிய டொக்டர்மாருக்குச் சொன்னாள். பத்து நாள் பின்போடுவது என்று முடிவாயிற்று. நான் அவளை விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடித்தேன். "பிள்ளை, மகனுக்கு மட்டும் சொல்லாதேங்கோ. நானே ஆறுதலாச் சொல்லுறன்" என்றேன். ஆறுதலாகச் சொல்லும் எண்ணம் எனக்கு இருந்தது, தம்பி, அதையாவது நம்பு. அதற்குள் நீ கன்ரீனிலிருந்து வந்துவிட்டாய். "என்ன, இண்டைக்கு இல்லையாம்?" என்று கேட்டாய். என் வாயில் வந்தது, "ஏதோ ரிப்போர்ட்டைக் காணேல்லையாம்." அவ்வளவுதான். பிறகு நீ ஆடிய ஆட்டத்தை இங்கே முழுதாக எழுத வேண்டாம். "ஒரு ரிப்போர்ட்டை ஒழுங்கா வைக்கத் தெரியாதோ? மனுசன் விடியத் துவக்கம் தண்ணிகூடக் குடிக்கேல்லை! ஆர் இதுக்குப் பொறுப்பு?" என்று விறாந்தை முழுக்கக் கேட்கக் கத்தினாய். அபிராமியின் கையில் என் எழுத்து உள்ள படிவம் இருந்தது. அதை ஒருமுறை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். அவள் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் படிவத்தை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். நீ அதற்கும் ஒரு சொல் சொன்னாய். அதையும் எழுதவில்லை, உனக்கு ஞாபகம் வரும்.

ஏன் அன்று பின்னேரமே சொல்லவில்லை என்று கேட்பாய். வெட்கம், தம்பி. வேறு ஒரு காரணமும் இல்லை. இரவு அப்பாவையும் கூட்டிக்கொண்டு காரில் வரும்போது நீ என்னிடம், "அம்மா தியேட்டரில நிண்டிருந்தா இப்பிடி நடந்திருக்குமோ?" என்று கேட்டாய். நான் யன்னலால் காலி வீதியில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வீட்டுக்கு வந்து குழுவில் 'ரிப்போர்ட் தாமதம், பத்து நாள் பின்போட்டாச்சு' என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் உலகம் முழுவதிலும் இருந்து கோபப்பட்ட சிவப்பு முகங்களாக வந்து விழுந்தன. லண்டன் பெரியப்பா இந்த நாட்டு வைத்தியத்தையே பிரித்து மேய்ந்தார். கனடா மாமி, பாவம், 'அண்ணாக்கு விற்றமினை விடாமல் குடுங்கோ' என்று எழுதினா. அப்பா வாசித்துவிட்டுக் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தார். "நீர் சொல்லுமட்டும் நான் வாய் திறக்க மாட்டன்" என்று எனக்கு வாக்குத் தந்தார். இன்றுவரை காப்பாற்றுகிறார், பேப்பருக்குப் பின்னால் சிரிப்பதோடு சரி.

பத்து நாள் கழிந்தது. அப்பாவைத் தள்ளிக்கொண்டு போகும்போது வயதான உதவியாளர் ஒருவர் என் முகத்தைப் பார்த்து, "பய வென்ட எப்பா மிஸ், ஒக்கொம ஹொந்தட்ட வெய்" என்றார். பயப்பட வேண்டாம், எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! சொல்கிற பக்கத்தில் நிற்பது எவ்வளவு இலேசு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நீ நம் இரண்டு பேருக்கும் என்று ஐந்து றோல்ஸ் வாங்கி வந்து நாலை நீயே சாப்பிட்டாய். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். உள்ளே எப்போது நாடாவை இறுக்குவார்கள் என்று வெளியில் இருந்தபடி தெரியாது, ஆனாலும் மனதுக்குள் எண்ணினேன். கட்டியைச் சுற்றிக் கடும் உப்புத் தண்ணீரில் நனைத்த துணிகளை அடுக்கி வைத்திருப்பார்கள், தப்பித் தவறிச் சிந்தினாலும் புழு சாக வேண்டும் என்று. மயக்க மருந்துக்காரர் உடம்புக்குத் தண்ணீரைக் கட்டுப்பாடாகத்தான் விடுவார், ஈரலின் பின்பக்கக் குழாய் பெருத்து நின்றால் காம்பை இறுக்கியும் பிரயோசனம் இல்லை. எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றுதான் என்னை வதைத்தது. நாடா இறுகியிருக்கும்வரை டொக்டரின் கைக்குள் எல்லாம் இருக்கும். அதைத் தளர்த்துகிற நேரத்தில்தான் வெட்டிய பரப்பு முழுக்க இரத்தம் திரும்பி வரும். சின்னச் சின்னக் குழாய் வாய்களை அப்போது டொக்டர் மூட முடியாது, இரத்தமே உறைந்து மூட வேண்டும். பத்து நாளுக்கு முன் செய்திருந்தால் அந்த நேரத்தில் அப்பாவின் இரத்தம் என் குளிசையோடு வந்திருக்கும். ஒவ்வொரு பதினைந்துக்கும் பிறகு நான் நினைத்தது அதைத்தான். நீ ஐந்தாவது றோலை நீட்டினாய், நான் உன்னை ஏசினேன். அந்த ஏச்சு உனக்கு உரியதில்லை.

பிறகு கதவு திறந்து அபிராமி வந்தாள். முகக்கவசத்தைக் கழற்ற முன்பே கண் சிரித்தது. "மூண்டு தரம் கட்டினது, மூண்டு தரம் விட்டது, அன்ரி. மணிக்கூடு பாத்தது நான்தான். பதினைஞ்சுக்கு மேல ஒருக்காலும் விடேல்லை" என்றாள். "விடேக்கை?" என்று கேட்டேன். எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அவளுக்கு விளங்கியது. என் தோளில் கை வைத்து, "ஒவ்வொருக்காலும் ஈரல் உடன நிறம் திரும்பினது. கசிவு நல்லாக் குறைவு. வெளி இரத்தம் ஒரு பைகூட ஏத்தேல்லை. கட்டி உடையாமல் முழுசா வந்திட்டுது" என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். நீ அருகில் நின்று, பெருந்தன்மையோடு, "சரி டொக்டர், ரிப்போர்ட் விசயத்தை நான் மன்னிச்சிட்டன்" என்றாய். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உன் பகிடிக்குச் சிரிக்கிறாள் என்று நீ நினைத்தாய். உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ எங்களுக்கு மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாய். ஒருநாளும் அப்பாவை முடி வெட்டக்கூடக் கூட்டிக்கொண்டு போகாத பிள்ளை, ஒவ்வொரு கிளினிக்குக்கும் நானே கொண்டுபோகிறேன் என்று நின்றால் பெற்றவர்களுக்கு விளங்காதா? காயம் ஆறி முடிந்த பிறகும் அப்பாவுக்கு வயிற்றில் நோ இருக்கிறதா என்று நீயே கேட்டுக் கேட்டு வரவழைத்தாய். அப்பாவும் உனக்காக இரண்டு முறை இல்லாத நோவைச் சொன்னார். உனக்கும் அபிராமிக்கும் கலியாணம் பேசி முடித்த அன்று, கிருலப்பனையில் அவர்கள் வீட்டு ஹோலில், அவள் தாய் தகப்பனுக்கு முன்னால் அந்த ரிப்போர்ட் கதையை முதல் தடவையாகச் சபையில் சொன்னாய். அவள் தகப்பன் திடுக்கிட்டு மகளைப் பார்த்தார். அவர் வாழ்நாள் முழுக்க ஒரு கடுதாசியைக்கூடத் தவறவிடாத தபால் அதிபர். "உண்மையே பிள்ளை?" என்று கேட்டார். அவள் "ஓம் அப்பா, அண்டைக்கு ஒரு பிழை நடந்திட்டுது" என்றாள். பொய் இல்லை, பார். பிழை நடந்ததுதான். யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை. நான் கையில் எடுத்த பால்ரொஃபியைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேருக்கு முன்னால், அந்த மனிதர் முன்வரிசையில் இருக்க, நீ அதைத் திரும்பவும் சொல்லப்போகிறாய்.

கலியாணத்துக்கு முன் மகனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். காம்பை இறுக்குவதையும் தளர்த்துவதையும் வைத்துப் பெரிய தத்துவம் ஏதும் சொல்லப்போகிறேன் என்று பயப்படாதே. கோபம் வந்தால் பதினைந்து நிமிடம் பொத்திப் பிடி, பிறகு விடு, கனநேரம் பிடித்தால் உள்ளே அழுகிவிடும். அவ்வளவுதான் தெரியும். நானோ ஒரு விஷயத்தை இரண்டு வருடமாக இறுக்கிப் பிடித்திருக்கிறேன், எந்த ஈரலும் அதைத் தாங்காது. இன்னொன்று. அவளிடம் ஏதாவது கேட்டு, அவள் 'ஒன்றுமில்லை' என்றால், இரண்டாம் முறை வேறு மாதிரிக் கேள். அன்றைக்கு உன் அப்பாவைக் காப்பாற்றியது கத்தியும் இல்லை, நாடாவும் இல்லை. ஒரு தியேட்டர் சிஸ்டர் இல்லை என்று சொன்ன பிறகும், மரியாதை குறையாமல் அவள் கேட்ட அந்த இரண்டாவது கேள்விதான்.

நேற்று பிளவுஸ் அளவு பார்க்க வந்த அபிராமியிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் பதறிப்போனாள். "வேண்டாம் அன்ரி. அந்தக் கதையைச் சொல்லேக்கை அவர் எவ்வளவு சந்தோசமா இருக்கிறார் எண்டு பாக்கிறனீங்கள்தானே. சொல்லிப்போட்டுப் போகட்டும்" என்றாள். "உமக்குக் கோவமே வரேல்லையோ, பிள்ளை?" என்று கேட்டேன். "வந்தது. அண்டைக்கு முழுக்க வந்தது. பின்னேரம், நீங்கள் வெளிக்கிட முன்னம், வோர்ட்டுக்கு வந்தன். அங்கிள் நித்திரை. இவர் கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து, நீலம் பாரிச்ச அந்தக் கையைத் தன்ர கன்னத்தில வைச்சுக்கொண்டு அழுதுகொண்டு இருந்தார். ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு நினைச்சிருப்பார். அதோட என்ர கோவம் போட்டுது" என்றாள். அவள் உன்னைப் பிடித்துக்கொண்டது அந்த நிமிடத்தில்தான், தம்பி. ரிப்போர்ட்டில் இல்லை.

ஆகவே பேச்சை மாற்று. கதையைச் சொல், கட்டாயம் சொல், உண்மையான கதை இதைவிட நன்றாகச் சிரிக்க வைக்கும். ஜாம் போத்தலைச் சொல், அம்மாவின் கையெழுத்தைச் சொல், எண்பத்தொன்றைச் சொல். நான் முன்வரிசையில் என் பழைய கூறைச்சேலையோடு எழும்பி நின்று, "ஓம், நான்தான்" என்று முந்நூறு பேருக்கும் கையை உயர்த்துவேன். அவள் அப்பா அந்த நேரம் தன் மகளைப் பார்க்கிற பார்வையைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்காதே. என்னை ஏசுவதற்கு உனக்கு ஆயுள் முழுக்க நேரம் இருக்கிறது, நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். முதலில் அவளுக்கு எடு. இன்று அவள் தியேட்டரில் நிற்கிறாள், உடனே பதில் வராது. அவள் எடுக்குமட்டும் திரும்பத் திரும்ப எடு.